மேற்குச் சுவரின் கதவு

கொற்றங்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லும்போது தங்கள் பங்கை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். ஆகையால் குறைக்காமல் சொல்லவேண்டிய பொறுப்பு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

‘வெளித்தாழ்’ என்னும் நாவலின் பிரதிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அன்று, பேருந்து நிலையத்தை ஒட்டிய நூலகத்தின் மாடியில், வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடுகிற அறையின் மேற்குச் சுவரில் ஒரு கதவு முளைத்தது. நாவலின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தபடியே அது பச்சை வண்ணக் கதவாக இருந்தது. எழுதியிருந்தபடியே அடிப்பலகையில் வரிவரியாகக் கீறல்கள் இருந்தன. எழுதியிருந்தபடியே ஒரு முழ நீளத்துக்குக் குறையாத இரும்புத் தாழ் போட்டிருந்தது. சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை. வெறும் காற்று, காற்றுக்குக் கீழே ஆட்டோக்கள் நிற்குமிடம், வெளிச்சுவரில் பாதி உரிந்த சிமெண்ட் விளம்பரம், அவ்வளவுதான். ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது, அறைக்குள் ஒரு பெண் இருந்தாள், கூரையில் ஒரு மூடியைத் திறந்துகொண்டு ஒருவன் இறங்கி வந்து அவளை அடித்தான், ஏறிப் போனான், மறுபடி இறங்கி வந்தான். நாவலில் தெருவைப் பார்த்த கதவின் தாழ் தெருப்பக்கம் இருந்தது. அதாவது, இந்தப் பக்கம் இருந்தது.

ஊர் திகைக்கவில்லை, ஊருக்குத் திகைக்க நேரமில்லை. நகராட்சியிலிருந்து வந்தவர், கதவென்று ஒன்று இருந்தால் எண்ணென்று ஒன்று இருக்கவேண்டும் எனச் சொல்லித் தகரத்தில் எண் அடித்துப் போனார். நாவல் அச்சானது வேறு மாவட்டத்தில், ஆகவே சம்பவம் தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள் காவல் நிலையத்தில். கதவின் அடியில் கசிந்து வந்த இரத்தத்துக்கு நூலகத்தார் மரத்தூள் வாங்கிப் போட்டார்கள். பெண்கள் சிலர் கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள், பிறகு யாரோ எலுமிச்சம்பழ மாலை சாத்தினார்கள், மாலை தாழில் பட்டு அது அசைந்துவிடாதபடி மிகவும் கவனமாகச் சாத்தினார்கள்.

நாவலைப் படித்தால்தான் அடி விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. எவர் எங்கே உட்கார்ந்து எந்தப் பக்கத்தை விரித்தாலும், அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது கதவுக்குப் பின்னால் இன்னொரு முறை நடந்தது. நான்காம் அத்தியாயத்தைப் படித்தால் இரும்பு மூடி அவள் விரல்களின்மேல் இறங்குகிற ஓசையும் எலும்பு முறிகிற ஓசையும் கேட்டன. ஏழாம் அத்தியாயத்தைப் படித்தால் கொதிநீர் ஊற்றுகிற ஓசையும், அதன்பின் மனிதக் குரல் என்று சட்டென அடையாளம் சொல்ல முடியாத ஒன்றும் கேட்டன. சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் சாய்ந்து படிக்கும் வழக்கமுள்ள ஊர் என்பதால் மதியங்களில் சத்தம் அதிகமாக இருந்தது. வேகமாகப் படிப்பவர்கள் வேகமாக அடித்தார்கள், பிடித்த இடத்தைத் திரும்பப் படிப்பவர்கள் திரும்ப அடித்தார்கள். கூடிப் பேசி, ஊர் ஒரு முடிவுக்கும் வந்தது: பொதுத்தேர்வு முடியும்வரை, பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்கும்பொருட்டு, நான்காம் ஏழாம் அத்தியாயங்களை யாரும் படிக்கலாகாது. அந்த முடிவை எல்லோரும் மனிதத்தன்மையுள்ள முடிவு என்று பாராட்டினார்கள்.

சில வேளைகளில், ஊரில் ஒருவரும் புத்தகத்தைத் தொடாதபோதும் அடிச்சத்தம் கேட்டது. நூலகத்துக்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருந்த இசக்கி அதற்கும் விளக்கம் வைத்திருந்தான்.

“வெளியூர்ல யாராவது படிப்பாங்க டீச்சர். நல்ல புஸ்தகம்னா நாலு ஊருக்குப் போகும்லா.”

டீச்சர் என்று அவன் அழைத்தது வடிவாம்பாளை. பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள், ஐம்பதை நெருங்குபவள், ஒரு நரம்பும் அறுபடாமல் தவளையைப் பிரித்துவைக்கும் பொறுமை கைவந்தவள், எந்த நூலையும் பென்சிலோடு மூன்று முறை படிக்காமல் அபிப்பிராயம் சொல்லாதவள். வட்டத்தின் வழக்கப்படி ஒருவர் நூலின் நிறையைப் பேசுவார், இன்னொருவர் குறையைப் பேசுவார், கடைசி அத்தியாயத்தை அதுவரை எவரும் படிக்காமல் வைத்திருக்க, அதை எழுத்தாளரே வந்து வாசித்து ஏற்புரை சொல்வார். குறை பேசுகிறவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கடமை இருந்தது. குறையைச் சொன்னால் போதாது, அந்த இடம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அங்கேயே செய்து காட்டவேண்டும். செய்து காட்ட முடியாத குறையைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இந்தக் கடமையை ஏற்படுத்தியவள் பகவதி. வட்டச் செயலாளர் தாணுமாலயனின் மனைவியான அவள், ஒருகாலத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுத்தாளர்களின் முகம் வெளிறும்படி குறை சொன்னவள். இப்போது அவளுக்குக் கூட்டமென்றால் ஆவதில்லை என்று தாணுமாலயன் சொன்னார். அவள் விட்ட இடத்துக்குத்தான் வடிவு வந்திருந்தாள்.

‘வெளித்தாழ்’ நாவலில் வடிவு மூன்று குறைகள் கண்டிருந்தாள். அடைத்துவைத்தவனுக்குப் பிள்ளைப்பருவம் முழுக்க இருந்தது, அடைபட்டவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை, இது முதற்குறை. அவனுடைய மனம் முந்நூறு பக்கம் பேசியது, அவளுடைய உடம்பு மட்டும் முந்நூறு பக்கம் அடிபட்டது, இது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரியது. வெளியே தாழிட்ட ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் கதற, அந்தத் தெருவே கேட்டுக்கொண்டிருக்க, பால் வாங்கப் போகிறவரும் கோவிலுக்குப் போகிறவரும் ஒரு கையை நீட்டித் தாழை இழுக்கவில்லை என்பது நம்பும்படியாக இல்லை என்று, மூன்றாம் வாசிப்பின்போது, விளிம்பில் பென்சிலால் அழுத்தி எழுதினாள். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது, இரண்டு தெரு தள்ளி, நூலக மாடியிலிருந்து, அவள் அப்போதுதான் படித்து முடித்த அடி கேட்டது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அந்த விரல்களை மூன்று முறை முறித்தது தன் பொறுமைதான் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் தாணுமாலயனின் இரும்புக்கடைக்குப் போனாள். நூலகத்துக்குப் பின்புறம், சுவரோடு சுவராக, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடம் அது. அவர் கல்லாவில் உட்கார்ந்து, இன்னும் கொடுக்காத பிரதிகளின் கடைசி அத்தியாயங்களை யாரும் பிரித்துப் படிக்காதபடி பின் அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன?”

“எதுக்கு?”

“உள்ளே ஒரு பெண் இருக்கிறாள்.”

தாணுமாலயன் சிரித்தார். “நீங்க ஒண்ணு டீச்சர். அது நாவல்லா? தெறந்து விட்டா பொறவு கதை என்னத்துக்கு ஆகும்? ஒரு படைப்பாளி உயிரைக் குடுத்து எழுதியிருக்கான்.”

“அவர் உயிரைக் கொடுக்கவில்லை அண்ணாச்சி. வாரப் பத்திரிகையில் சொல்லியிருக்கிறாரே, கடைசி அத்தியாயத்தில் அறையோடு வைத்து அவளை எரித்ததாக. ஞாயிற்றுக்கிழமை அதை இங்கே வாசிக்கப் போகிறார்.”

“வாசிக்கட்டும். எழுதும்போது அழுதேன்னுகூட சொல்லியிருக்காரு. இளகின மனசு.” அவர் இன்னொரு பின்னை அடித்தார். “அதுவுமில்லாம, தெறக்கவனை அவ விடுவாளா? பன்னெண்டாம் அத்தியாயம் படிச்சீங்கள்லா? கட்டில் சட்டத்தைத் தரையில ஒரசி ஒரசி ஊசியாக்கி வச்சிட்டு நிக்கா. தெருக்கதவைத் தெறந்துட்டு வாரவன் தன்னைவிடக் கொடியவனா இருப்பான்னு அடைச்சு வச்சவன் சொல்லிச் சொல்லி வச்சிருக்கான். யாரு தெறந்தாலும் தொண்டையிலதான். அதுதான் டீச்சர் நாவலோட பலமே.”

மாடியில் ஏதோ விழுந்தது. தாணுமாலயன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்புச் சாவிக்கொத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பகவதி நலந்தானா?”

“இருக்கா. ஆள்கூட்டம்னா ஆகாது” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அறை நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, கீழே ஆட்டோ நிற்குமிடமும் நிரம்பியது. எழுத்தாளர் கார்வண்ணன் மென்மையான குரலுள்ளவர்; கதவைக் கண்டதும் கைகூப்பினார், தான் எழுதியதைவிட வண்ணம் சற்றுக் கூடுதலாக இருப்பதாக மட்டும் தாழ்மையோடு சொன்னார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிறை பேச எழுந்தவர் தமிழாசிரியர் செண்பகராமன். ஒரு சொல் வீணாகாத நடை என்றார். அடைத்துவைத்தவனின் மனத்துக்குள் இத்தனை ஆழம் எவரும் இறங்கியதில்லை என்றார். வன்முறையை ஒதுங்கி நின்று காட்டாமல் வாசகரின் நகக்கண்ணில் ஏற்றிக் காட்டுகிறார் என்றார். சான்றுக்காக நான்காம் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியைக் கணீரென்று வாசித்தார். கதவுக்குப் பின்னால் மூடி இறங்கியது, விரல்கள் முறிந்தன, அலறல் எழுந்து பாதியில் அறுந்தது. அரங்கம் கைதட்டியது. “தேர்வு முடிஞ்சுட்டுல்லா?” என்று ஒருவர் மெல்லப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, தானும் தட்டினார். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் சிறப்பைச் செண்பகராமன் எடுத்துச் சொன்னபோது இரும்பைத் தரையில் உரசும் ஓசை சீராக, சீராக, சீராக வந்தது, ஒரு நல்ல பாடகருக்குப் பின்னால் சுருதிப்பெட்டி வருவதைப்போல.

பிறகு வடிவை அழைத்தார்கள்.

அவள் மேடைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு குறைகளைச் சொன்னாள். கார்வண்ணன் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு மூன்றாவதற்கு வந்தாள்.

“கதறல் கேட்டும் ஒரு தெருவே திறக்காமல் இருந்தது நம்பும்படியாக இல்லை என்று எழுதி வைத்திருந்தேன்” என்றாள். “அந்தக் குறையைத் திரும்பப் பெறுகிறேன். நாவலிலேயே மிகவும் நம்பத்தகுந்த பகுதி அதுதான். ஆனால் நம்பத்தகுந்தது என்பதற்காகச் சரியாகிவிடாது. அந்த இடம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று வழக்கப்படி செய்து காட்டுகிறேன்.”

அவள் மேடையிலிருந்து இறங்கி மேற்குச் சுவரை நோக்கி நடந்தாள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை, விளங்கியபோது நாற்காலிகள் சாய்ந்தன. “டீச்சர், ஏற்புரை முடியட்டும்” என்று தாணுமாலயன் கத்தினார். “முடிவு கெட்டுப்போயிரும்!” என்று கத்தினார் செண்பகராமன். கார்வண்ணன் மட்டும் கத்தவில்லை. தன் பிரதியில் பின்னைப் பிய்த்து, கடைசி அத்தியாயத்தை விரித்து, வேகவேகமாக வாசிக்கத் தொடங்கினார், கதவிடுக்கில் புகை வந்தது.

தொண்டையில்தான் என்று எழுதியிருந்ததால் தொண்டைக்கு முன்னால் வலக்கையை விரித்து வைத்துக்கொண்டு, இடக்கையால் வடிவு தாழை இழுத்தாள்.

கதவு உள்ளே போவதற்கு முன்பே இரும்பு வெளியே வந்தது. வலது உள்ளங்கையில் நுழைந்து, எலும்புகளுக்கு நடுவே வழி கண்டு, புறங்கையைக் கிழித்துக்கொண்டு வந்து, அதன் முனை அவள் தொண்டைக்குழியைத் தொட்டு நின்றது. இரும்பின் மறுமுனையில் ஒரு பெண் இருந்தாள். தலையில் பாதிக்கு மயிரில்லை. வெந்து காய்ந்த தோள். நேராக ஒட்டாமல் போன விரல்கள், அந்த விரல்களுக்கு நடுவே அந்தச் சட்டம், பின்னால் எரிகிற அறை.

“நீ யாரு?” என்று அவள் கேட்டாள். பேசிப் பழகாத குரல்.

வடிவால் பொய் சொல்லியிருக்க முடியும். “உன்னைப் படித்தவள்” என்றாள்.

“எத்தனை தடவை?”

“மூன்று.”

அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கைக்குள் இருந்த இரும்பை ஒருமுறை திருகினாள், இன்னொரு முறை திருகினாள், மூன்றாம் முறையும் திருகினாள், அதன்பின் உருவிக்கொண்டாள். வடிவு முழங்காலில் விழுந்தாள். அவளைத் தாண்டி அந்தப் பெண் அரங்குக்குள் நடந்தாள், ஒவ்வொரு வரிசையாக நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பார்வை பட்டவர்கள் கையிலிருந்த பிரதியைப் பின்னால் ஒளித்தார்கள். கார்வண்ணன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, தாளில் எழுத்து இல்லை. அவள் அவர் முன்னால் குனிந்து, வாயிலிருந்த உடைந்த பல்லொன்றைப் பொன்னாடையின்மேல் துப்பிவிட்டுப் படியிறங்கினாள். கூட்டம் சொல்லாமலே வழிவிட்டது. கிளம்பத் தயாராக நின்ற பேருந்தில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தாள். எங்கே போகவேண்டும் என்று நடத்துநர் கேட்டதற்கு, கடைசி நிறுத்தம் என்று சொன்னாளாம்.

கதவுக்கு அப்பால் இப்போது வானம் மட்டும் இருந்தது. ஆட்டோக்காரர்கள் தலையில் புறா எச்சம் விழாதிருக்கவும், வாசகர்கள் தவறி விழாதிருக்கவும் நகராட்சி அதைச் செங்கல் வைத்து அடைத்தது. எல்லாப் பிரதிகளிலும் எழுத்துகள் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் நோக்கி ஒவ்வொன்றாக அழிந்து, நல்ல வெள்ளைத்தாள் மிஞ்சியது. சிக்கனமானவர்கள் அதில் பால்கணக்கு எழுதினார்கள். வடிவுடன் ஊர் கொஞ்சநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. “நல்லா போயிட்டிருந்த கதை” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மதியத் தூக்கம் வருவதில்லை என்றும், ஊர் அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது என்றும் குறைபட்டார்கள்.

அந்த அமைதியில்தான், ஒரு நண்பகல், தையல் பிரிக்காத வலக்கையை மடியில் வைத்து, இடக்கையால் வடிவு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அடி கேட்டது. ஒன்று. பிறகு எதன்மீதோ ஒரு தலை மோதுகிற ஓசை. பிறகு இன்னொன்று.

இசக்கி பாலை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “வெளியூர்ல யாரோ படிக்காங்க டீச்சர்.”

“படிக்க அதில் இனி ஒன்றும் இல்லையே, இசக்கி.”

அவன் கை நின்றது. ஆற்றின பால் கோப்பைக்கு வெளியே விழுந்தது. இருவரும் நூலகத்தின் மேற்குச் சுவரைப் பார்த்தார்கள், செங்கல் வைத்து அடைத்த இடத்தைப் பார்த்தார்கள், சத்தம் அங்கிருந்து வரவில்லை என்பதைக் கண்டார்கள். அதன்பின் நூலகத்துக்குப் பின்புறம் சுவரோடு சுவராக நின்ற மாடி வீட்டைப் பார்த்தார்கள். நாவலின் அடிகளுக்கு நடுவே, நாவல் வருவதற்கு முன்னாலும், எத்தனை காலமாக அது கேட்டுக்கொண்டிருந்தது என்று ஊருக்கு இனிமேல்தான் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

வடிவு நூலகத்தைச் சுற்றிப் பின்புறம் போனாள். தாணுமாலயன் மாடிப்படியில் வேர்த்து வழிய இறங்கி வந்துகொண்டிருந்தார். வலது கை முட்டிகள் சிவந்திருந்தன.

“என்ன டீச்சர், இந்த வெயில்ல?”

“ஒரு குறை பாக்கி இருக்கிறது அண்ணாச்சி” என்று சொல்லி, கடைவாசலில் விற்பனைக்குச் சாத்தியிருந்த கடப்பாரையை இடக்கையில் எடுத்தாள்.

“இது என் வீடு. இது நாவல் இல்ல.”

“தெரியும்.”

அவர் அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்து நெரித்தார். தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து துணி சிவந்தது. வடிவுக்குக் கண் இருண்டது. இருண்ட கண்ணோடே கடப்பாரையை அவர் முழங்காலில் இறக்கினாள். எலும்பு முறிகிற ஓசை நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்ததைப்போலவே இருந்தது. அந்த வகையில் கார்வண்ணன் துல்லியமானவர்தான். விழுந்தவர் அவள் கணுக்காலைப் பற்றினார். அப்போது கொதிக்கிற பால் செம்போடு இசக்கி வந்து அவர் தலைக்கு நேரே நின்று, “விடும் அண்ணாச்சி” என்று மரியாதையாகச் சொன்னான். அவன் பின்னால் ஆட்டோக்காரர்கள் நின்றார்கள், செண்பகராமன்கூட நின்றார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர் கை தளர்ந்தது.

மாடியில் கதவு பழுப்பு நிறம். தாழ் வெளியே இருந்தது, அதில் பூட்டு இருந்தது. வடிவு பூட்டை உடைத்தாள். உள்ளே எதையோ தரையில் உரசும் ஓசை சட்டென நின்றது. மூச்சுவிடாமல் ஒருவர் கதவோரம் வந்து நிற்பது தெரிந்தது.

அவள் தாழில் கை வைத்துக்கொண்டு, முகத்தைக் கதவருகே கொண்டுபோய், வகுப்பில் பேசுவதைப்போல நிதானமாகச் சொன்னாள்:

“பகவதி, நான்தான் வடிவு. உன் கையில் இருப்பதை நீ கீழே போடவேண்டாம். நான் சற்று ஒதுங்கி நின்றே திறக்கிறேன்.”